யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்?

அண்ணனை இந்த மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் தங்கைதான்.

"அங்க இதயத்தைக் கண்காணிக்கற மெஷின் எங்க கம்பெனியோடது அண்ணி. அதுக்குள்ள எல்லாத்தையும் நடத்தற அடிப்படை ப்ரோக்ராம், கெர்னல்னு சொல்லுவோம், அதுல பாதி நான் எழுதினது. அண்ணனை நானே கூட இருந்து பார்த்துக்கற மாதிரி."

பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. அண்ணியும் நம்பினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து அண்ணன் சாதாரண வார்டுக்கு வந்துவிட்டான். இங்கே கட்டிலருகே திரை கிடையாது. சட்டைப்பையில் ஒரு சின்னக் கருவி. அது அனுப்பும் துடிப்பு நர்ஸ் மேசையிலுள்ள திரையில் ஓடும். காலையில் அதன் பேட்டரி மண்டையைப் போட்டது. நர்ஸ் பழைய கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, புதிது ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது அண்ணன் முகம் வெளுத்துக் கிடந்தது. "கிறுகிறுன்னு வருது" என்றான். தங்கை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அண்ணியை அவனருகே உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

"சிஸ்டர், அண்ணனுக்குத் துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு."

மேசைத் திரையில் அண்ணன் பெயர் போட்ட ஜன்னல் பெரிதாகத் திறந்திருந்தது. துடிப்பு எழுபத்திரண்டு.

"நல்லாத்தானே இருக்கு. பயத்துல உங்க கைதான் நடுங்குது. போய் உட்காருங்க."

தங்கை நகரவில்லை. ஜன்னலுக்குக் கீழே, அண்ணனுக்குக் கருவி மாற்றிய கையோடு பக்கத்து அறைக்கு வந்தவரின் கோடு சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. அது எகிறும்போது அண்ணனுடையதும் எகிறியது. அது தடுமாறினால் இதுவும் தடுமாறியது. இரண்டு பேரின் இதயம் இப்படிக் கைகோத்துக்கொண்டு நடக்காது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கருவியை நீக்கியதும் அதன் விவரம் இருந்த நினைவகத்தை உடனே விடுவித்துவிடு என்று எழுதியவள் அவள். மூடாமல் கிடந்த ஜன்னலோ அந்தப் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காலியான இடத்தில் கெர்னல் பக்கத்து அறைக்காரரைக் குடிவைத்துவிட்டது. பெயர் அண்ணனுடையது, துடிப்பு அடுத்தவருடையது. எண் ஓடுவதைப் பார்த்த நர்ஸ், புதுக் கருவி சேர்ந்துவிட்டது என்று நினைத்து அதைப் பட்டியலில் ஏற்றவே இல்லை.

அலுவலகத்தில் அவள் எழுதியதைச் சரிபார்க்கும் சிடுமூஞ்சி அன்றைக்கே கேட்டான்: "நீக்கற நேரத்துல யாராவது பார்த்துக்கிட்டிருந்தா? அவங்க முடிக்கற வரைக்கும் காத்திருக்க வேணாமா?"

"கண் இமைக்கற நேரம்கூட ஆகாது. யாருப்பா அப்படி உட்கார்ந்து பார்க்கப் போறா?" என்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

"சிஸ்டர், இது பக்கத்து ரூம்காரரோட துடிப்பு. ரெண்டு கோட்டையும் சேர்த்துப் பாருங்க."

"மெஷின் தப்பாக் காட்டாதும்மா."

"காட்டுது. அதை எழுதினதே நான்தான், தப்பும் என்னோடது. எந்திரிங்க சிஸ்டர்."

நர்ஸின் கண் ஒருமுறை மேலும் கீழும் போனது. நாற்காலி சாய்ந்து விழுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

துடிப்பு நாற்பதுக்கும் கீழே போயிருந்தது. மருத்துவர் வந்தார், ஊசி ஏறியது. அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பும்வரை தங்கை சுவரோடு சுவராக நின்றாள். பிறகு சிடுமூஞ்சியை அழைத்தாள்.

"எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே சொல்லு, திறந்து வெச்சிருக்கற ஜன்னலையெல்லாம் மூடணும். கடைசி ஆள் பார்த்து முடிக்கற வரைக்கும் நான் காத்திருந்திருக்கணும். நீ சொன்னதுதான்."

அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி, "அந்த ஜன்னல் காலையிலேர்ந்து திறந்தேவா இருந்துச்சு?" என்றாள்.

"ஆமா அண்ணி. யாரோ மூடாம விட்டுட்டாங்க."

"யாரோ இல்ல, நான்தான். நீ எழுதின மெஷினாச்சேன்னு, உங்க அண்ணன் பேரைப் பெரிசாப் போட்டு மூடாமலே வைங்கன்னு சிஸ்டரைக் கெஞ்சிக் கேட்டேன். போறப்ப வர்றப்ப எல்லாம் அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."