மொத்ரியா மடித்து வைத்த துணி

பெட்டிக்குள் நாற்பது வருஷம் கிடந்த சட்டையை எடுத்து லெவ்கோ தலைவழியாக மாட்டினார். கழுத்து நுழைந்தது, தோள் நுழைந்தது, தொந்திக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர், மனைவி மொத்ரியா இல்லாத முதல் ஈஸ்டர். "அடுத்த ஈஸ்டருக்கு ஒரே ஒரு தடவை அந்தச் சட்டையப் போட்டுக்கிறீங்களா?" என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டிருந்தாள். எதையும் கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான்.

விடிந்தால் பெரிய வெள்ளி. அன்றைக்கு ஊரில் யாரும் ஊசியைத் தொட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் அக்கா யாவ்தோக்காவைக் கூப்பிட்டார். கத்தரிக்கோலோடு வந்தாள்.

"இதையா? ஏன்டா, கறுப்புச் சட்டைங்க எல்லாம் எங்க போச்சு?"

"பிரிச்சு விடுக்கா. பேசாத."

அவர்கள் ஊர் இருக்கும் போர்ஷ்சிவ் பக்கத்தில் சட்டை என்றால் கை முழுக்கக் கறுப்புக் கம்பளி நூல் அடைத்திருக்க வேண்டும். துணி தெரிந்தால் தைத்தவள் சோம்பேறி. மொத்ரியா கிழக்கே தூரத்திலிருந்து வந்த பொல்தாவாக்காரி. அவர்கள் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூப்போடுகிறவர்கள். மாப்பிள்ளைச் சட்டையை மணப்பெண்தான் தைக்க வேண்டும் என்பதால் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தாள். கல்யாணப் பந்தியில் யாவ்தோக்கா ஊர் கேட்கக் கேட்டாள்: "உங்க ஊர்ல நூலே கிடைக்காதா பொண்ணு?" பந்தியே சிரித்தது. மறுநாள் மொத்ரியா சட்டையைத் துவைத்து உள்ளே வைத்துவிட்டாள். அடுத்த ஈஸ்டருக்குள் கறுப்பு நூல் வேலையைக் கற்றுக்கொண்டு புருஷனுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டாள்.

யாவ்தோக்கா பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே ஒரு சாண் துணி மடிந்திருந்தது. மறுபக்கமும் அப்படியே.

"தொந்தி போடுவேன்னு அப்பவே தெரிஞ்சிருக்குடா அவளுக்கு" என்று சிரித்தவள், மடிப்பை நீவியதும் சிரிப்பை நிறுத்தினாள். மார்பில் தொடங்கிய கொடி மடிப்புக்குள்ளும் ஓடியிருந்தது. இலை விடாமல், பூ விடாமல். இவருக்கு வயதாகிப் பிரிக்கும் நாளில் வெறுந்துணி தெரியக்கூடாது என்று, யார் கண்ணிலும் படாத இடத்திலும் அவள் பூப்போட்டிருந்தாள்.

லெவ்கோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு நானும் சிரிச்சேன்க்கா."

"கேட்டவளே நான்தானேடா" என்றாள் அவள். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிறு காலை கோயில் வாசலில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்த ரொட்டிக் கூடைகளோடு ஊரே கறுப்புச் சட்டைக் கைகளாக நின்றது. அண்டைவீட்டு ஹிலாரி மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன லெவ்கோ, நூல் தீந்துபோச்சா?"

சிலர் சிரித்தார்கள். யாவ்தோக்கா வாயைத் திறந்தாள். லெவ்கோ அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வெயில் சாய்வாக விழும்படி கொஞ்சம் திரும்பி நின்றார். வெள்ளை நூல் கொடி முழுசாக நிழல்விட்டு எழுந்து தெரிந்தது.

"என் கல்யாணச் சட்டை. என் பொண்டாட்டி தைச்சது" என்றார், ஒரு கல்யாணப் பந்தி முழுக்கக் கேட்கிற குரலில்.