வெள்ளிக்கிழமை திறக்கும் பெட்டி

எங்கள் விடுதியிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அழைத்துப் போக வேண்டுமென்றால் பார்வையாளர் கார்டு வேண்டும். சேருகிற அன்றைக்கே அம்மா, அப்பா, இன்னும் ஒருவர் என்று மூன்று பேர் போட்டோவை ஒட்டி முத்திரை குத்திவிடுவோம். அந்த முகங்களைத் தவிர வேறு எந்த முகத்தோடும் பெண் கேட்டைத் தாண்ட முடியாது. சிதம்பரத்தில் இருக்கிற இந்தச் சின்னக் கல்லூரியில் பதினொரு வருடமாக நான்தான் வார்டன். பிரின்சிபாலே ஒருமுறை தன் உறவுக்காரப் பெண்ணை அழைத்துப் போக வந்து, கார்டில் முகம் இல்லையென்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். பெண்கள் எனக்குத் திண்டுக்கல் பூட்டு என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமைதான்.

அருள்மொழி இரண்டாம் வருடம் வேதியியல். கடலூர் செம்மண்டலத்துப் பெண். அப்பா இல்லை. அவள் கார்டில் இரண்டே முகங்கள்: அம்மா தைலம்மாள், அம்மாவின் தம்பி கண்ணாயிரம். முதல் வருடம் சேர்க்க வந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவரும் அந்த மாமாதான். கார்டில் யார் பெயரைப் போடலாம் என்று நான் கேட்டதற்கு அருள்மொழியே முந்திக்கொண்டு, எங்க மாமா பேரப் போடுங்க மேடம் என்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாயிரம் வந்தார். அன்றைக்கு நான் 'வந்தார்' என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் அப்படியே எழுதுகிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். கார்டை வாங்கினேன். போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தேன். தைலம்மாளுக்குப் போன் போட்டேன். அந்த அம்மாளும் ஈனக் குரலில், தம்பியோடு அனுப்பி வையுங்கள் என்றார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். ஒரு விதிகூடத் தவறவில்லை. இப்போது யோசித்தாலும் அதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

அருள்மொழி தோள்பையோடு இறங்கி வந்தவள் கேட்டருகே நின்றுவிட்டாள். திங்கட்கிழமை பிராக்டிகல் இருக்கிறது மேடம் என்றாள். நான் துறையில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. தாய்மாமன் நேரில் வந்து கூப்பிடுகிறார், நீ என்னவோ ஜெயிலுக்குப் போகிற மாதிரி முழிக்கிறாயே என்று கிண்டல் செய்தேன். கண்ணாயிரமும் சிரித்தார். அவள் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்டைச் சாத்தினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கல்லூரியில் மாணவர் ஆதரவு மையம் என்று ஒன்று போன வருடம் ஆரம்பித்தார்கள். பிரிசில்லா என்கிற ஆலோசகர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள். மற்ற நாட்களில் பெண்கள் மனக்குறையை எழுதிப் போட ஒரு தகரப் பெட்டி. அது என் அறை வாசலில்தான் தொங்குகிறது. சாவி மட்டும் பிரிசில்லாவிடம். வார்டன் கையில் சாவி இருந்தால் ஒருத்தியும் எழுத மாட்டாள் என்று கூட்டத்தில் என் எதிரிலேயே பேசி முடிவு செய்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தபால் பெட்டியைக்கூடத் தினமும் திறக்கிறான், இதை வாரத்துக்கு ஒரு நாள் திறந்தால் என்ன ஆதரவு என்று கேட்டுவிட்டு, பிறகு வேண்டுமென்றே அது எப்போது திறக்கும் என்பதைப் பெண்களிடம்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பத்தரை மணிக்குப் பிரிசில்லா ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். நோட்டிலிருந்து கிழித்த தாள். திங்கட்கிழமை தேதி போட்டிருந்தது.

'மேடம், வீட்ல என்னை மாமாவுக்குக் கட்டி வைக்கப் போறாங்க. எனக்கு இஷ்டம் இல்ல. தேதி எனக்குச் சொல்லல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைனு சொல்லி மாமா கூப்பிட வருவார். தயவுசெஞ்சு என்னை அனுப்பாதீங்க. அருள்மொழி, ரூம் 14.'

நான் இரண்டு தடவை படித்தேன். என் அக்காவையே மாமாவுக்குத்தான் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் பாதுகாப்பு என்றும் அர்த்தம், மாப்பிள்ளை என்றும் அர்த்தம். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் கார்டைப் பார்க்கும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை? முத்திரை இருந்தது, போட்டோ இருந்தது, அத்தோடு என் புத்தி நின்றுவிட்டது. நாலு நாளாக அந்தத் தாள் என் அறைக் கதவிலிருந்து இரண்டடி தூரத்தில் கிடந்திருக்கிறது. அதைத் தாண்டித் தாண்டி நான் எத்தனை தடவை போய் வந்தேனோ.

அருள்மொழியின் போன் அணைந்திருந்தது. தைலம்மாள் எடுக்கவில்லை. பிரின்சிபாலிடம் ஓடினோம். குடும்ப விவகாரம், கல்லூரி தலையிட்டால் பெயர் கெடும், பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள் என்றார். கடிதம் போய்ச் சேருவதற்குள் மறுவீட்டு விருந்தே முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிரிசில்லா பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினாள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவளே தனக்கு விருப்பமில்லை என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். பிரிசில்லா போனோடு இங்கேயே இருக்கட்டும், நான் போகிறேன் என்று கடலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. புதுச்சத்திரத்தில் ஒரு மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டி இன்னொன்று. பட்டுப் புடவையோடு நாலு பெண்கள் ஏறி, தாலி கட்டும்போது பெண் அழுததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வேறு யாரோ ஒரு பெண்தான். இருந்தும் என் காது அங்கேயே இருந்தது. தாலி ஏறிவிட்டிருந்தால் நான் போய் என்ன செய்வேன்? அவள் வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால்? முதுநகர் வந்தபோது எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டிருந்தது. பெண்களை நான் இத்தனை வருடம் பயமுறுத்தியிருக்கிறேன். பயம் என்பது உடம்பை இப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பேன்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். செம்மண்டலத்தில் அந்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். பந்தலில் நின்ற ஒரு கிழவியிடம் தாலி கட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் ஞாயிறுதான், திருவந்திபுரம் கோயிலில், இன்றைக்கு நலங்கு என்றாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாயிரம் வெளியே வந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். வாங்க மேடம் என்று கைகூப்பினான். காபி கொண்டு வரச் சொன்னான். பந்தலில் இருந்த ஏழெட்டு ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் கலக்கத்தைக் கொடுத்தது.

"ஒடம்பு முடியலன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"கல்யாணம்னா அனுப்புவீங்களா மேடம்? படிப்பு முடியட்டும்பீங்க. அதான்." அவன் சிரித்துக்கொண்டே என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "யாரு சொன்னா உங்களுக்கு?"

சீட்டு என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் நான் போன பிறகு அவள் கதி என்ன? பிராக்டிகல் தேதி மாறிவிட்டது, கையெழுத்து வேண்டும், பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. தாராளமா பாருங்க என்று உள்ளே கூப்பிட்டான்.

கூடத்தில் அருள்மொழி மனையில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். கன்னத்தில் மஞ்சள். தைலம்மாள் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மாள் உடம்புக்கு ஒன்றுமில்லை, முகம்தான் இருண்டு கிடந்தது. கண்ணாயிரம் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, மேடம் எதோ கேக்க வந்திருக்காங்க, சொல்லுமா என்றான். உனக்கு இதில் இஷ்டமா என்று அத்தனை பேர் முன்னால் நான் கேட்டேன். அதைவிட முட்டாள்தனமாக யாராலும் கேட்க முடியாது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, இஷ்டம்தான் மேடம் என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. நான் எழவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தைலம்மாள் மகளைப் பார்த்து, மேடத்துக்குத் தண்ணி கொடு என்றாள். வீட்டில் அத்தனை பெண்கள் இருக்க மனையில் இருந்தவளை ஏன் எழுப்பினாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் அருள்மொழியின் பின்னாலேயே அடுப்படிக்குள் போனேன்.

"ஒரு தடவ சொல்லுடி, போதும். நான் ஒனக்குப் பின்னால நிக்குறேன்," என்றேன்.

அவள் சொம்பை என் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். சொம்புத் தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"நேத்தும் எனக்குப் பின்னாலதான நின்னீங்க, கேட்ல?" அவள் குரல் எழும்பவே இல்லை. "சீட்டப் படிச்சிட்டுதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன் மேடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டில் அவள் என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். பெட்டி வெள்ளிக்கிழமைதான் திறக்கும், இன்றைக்குத்தான் படித்தோம், தப்பு எங்களுடையது என்று சொன்னேன். அவள் நம்பினாளா இல்லையா தெரியவில்லை. பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, அணைக்காமல் கையில் வைத்துக்கொண்டேன். நீ பேசவே வேண்டாம், நான் முன்னால் போகிறேன், நீ நட என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

கூடம் இருபதடி இருக்கும். பாதியில் ஒரு பெண் வழியை மறித்து, நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாது என்றாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கண்ணாயிரம் வாசற்படியில் நேராக நிமிர்ந்து நின்றான். பந்தலிலிருந்து இரண்டு ஆண்கள் அவனுக்குப் பின்னால் வந்தார்கள். போனை உயர்த்திப் பிடித்தேன்.

"இதுல ஆள் இருக்காங்க. நீங்க பேசுறதெல்லாம் கேக்குது. இந்த வீட்டு அட்ரஸும் அவுங்ககிட்ட இருக்கு."

அவன் போனைப் பார்த்தான். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"அருளு, இப்ப இந்தப் படிய தாண்டுனீன்னா ஒனக்கு அம்மா வீடுன்னு ஒண்ணு கெடையாது. யோசிச்சிக்க," என்றான். கோபம் துளிக்கூட இல்லாமல் சொன்னான். சொன்னதைச் செய்கிறவன் பேசுகிற மாதிரி இருந்தது.

என் பிடியில் இருந்த கை விறைத்தது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தைலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நிமிஷத்தில் அவள் திரும்பி மனையில் போய் உட்கார்ந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"எனக்கு இஷ்டம் இல்ல மாமா," என்றாள் அருள்மொழி. பிறகு அம்மாவைப் பார்த்து, "போறேன்மா," என்றாள்.

போனுக்குள் பிரிசில்லா, கேட்டுச்சு மேடம், கேட்டுச்சு என்று சொல்வது எனக்கே கேட்டது. கண்ணாயிரத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் ஒருக்களித்து நின்றான். ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. அதில் முதலில் அவளை விட்டு, பிறகு நான் வந்தேன். அவன் சட்டை என் தோளில் உரசியது.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் அவளுடையது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து தேடினாள். உள்ளேயிருந்து தைலம்மாளின் குரல் வந்தது.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போடி."

அருள்மொழி செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டாள். வெறுங்காலோடு பந்தலைத் தாண்டினாள். தைலம்மாள் வாசலுக்கு ஓடி வந்து மறுபடியும் அதையே சொன்னாள், இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறும் வரைக்கும் மகள் பதில் சொல்வாள் சொல்வாள் என்று நானும் காத்திருந்தேன்.