ஒரு சொட்டுப் பாலும் இல்லாமல்

அக்காவுக்கு ஒருவரைப் பிடித்திருந்தால் அவரிடம் குறை கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள். பிடிக்கவில்லை என்றால் அந்த நேரமும் மிச்சம். சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையில் அவள்தான் தலைமைச் செக்கர். குழல் விளக்கின் கீழே நீள மேசை, மேசை நிறையச் சட்டை. தையல் ஓரிடத்தில் ஒரு நூல் விட்டிருந்தாலும் போதும், சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவாள். தைத்தவள் அழுதாலும் சரி, சூப்பர்வைசர் கெஞ்சினாலும் சரி, ஒட்டினது ஒட்டினதுதான்.

வேலை முடிந்ததும் கண்ணைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வர முடியுமா? அதுவும் கூடவே வந்தது. பஸ்ஸில் முன்னால் நிற்பவனின் காலர், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை, பல் டாக்டரின் பல் என்று எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. பத்து பேர் மதிப்பார்கள், பதினோராவது ஆள் எழுந்து போய்விடுவார். எழுந்து போனவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தம்பி மனைவிக்குப் பால் ஆகாது. பால், வெண்ணெய், சீஸ், க்ரீம் எதுவும் ஆகாது. தெரியாமல் ஒரு வாய் உள்ளே போய்விட்டால் உதடு வீங்கும், கழுத்து தடிக்கும், மூச்சு இழுக்கும். கைப்பையில் எப்போதும் ஊசி மருந்து இருக்கும். அவள் பெற்ற ஒன்றரை வயதுக் குட்டிக்கும் அதே கதைதான். யாரோ ஆசையாகக் கொடுத்த ஒரு பிஸ்கட்டுக்கு அது ஒரு முறை ஆஸ்பத்திரி வரை போய் வந்திருக்கிறது.

அக்கா இதை நம்பவில்லை.

"பால் ஆகாதுன்னு ஒரு வியாதியா? நாமெல்லாம் எதைக் குடிச்சு வளர்ந்தோம், பெட்ரோலா?" என்று தம்பியிடம் கேட்பாள். "செல்லம் கொடுத்து வளத்திருக்காங்க. ஒரு நாள் பேசாம ஒரு டம்ளர் குடிச்சா எல்லாம் சரியாயிடும்."

தம்பி சிரித்து மழுப்புவான். அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணத்தைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அவள் முன்னால் வாய் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை. தம்பி மனைவி சிரிக்கமாட்டாள், சண்டைக்கும் வரமாட்டாள். தன் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்த டப்பாவைக் கண்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் குட்டியின் மேல் அவளுக்கு உயிர். உலகத்தில் அவள் ஸ்டிக்கர் ஒட்டாத ஒரே ஜீவன் அதுதான். மூக்கு ஒழுகினாலும் அழகு, சட்டையில் கக்கினாலும் அழகு. இந்த மாதத்தோடு அக்காவுக்கு வேலையிலிருந்து ஓய்வு. தம்பி மனைவி திரும்பவும் கூரியர் ஆபீசுக்குப் போகப் போகிறாள். பகலில் குட்டியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இப்போது கேள்வி. அக்காவிடம் விடலாம், இல்லாவிட்டால் தெருமுனையில் உள்ள காப்பகத்தில் விடலாம். காப்பகம் என்று யாராவது வாயெடுத்தாலே அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். ஓய்வு பெற்றபின் அந்த நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார வேண்டுமே என்ற பயம் அவளுக்கு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சாப்பிட வர்றோம். உன் கையால ஒரு வேளை சாப்பிட்டு அவளுக்கு நம்பிக்கை வந்துட்டா, குட்டிய உன்கிட்டயே விடலாம்னு சொல்றா. பெருசா ஒண்ணும் வேணாம். தண்ணியா ஒரு காய்கறி சூப் வை, போதும்."

"தண்ணியா எதுக்குடா? நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன்?"

போனை வைத்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பால் இல்லாமல் செய்ய வேண்டுமாம், அதுவும் தண்ணீராக. பாலே இல்லாமல், க்ரீம் ஊற்றியது போல வெள்ளை வெளேரென்று, வழவழவென்று ஒரு சூப் வைத்துக் காட்டுகிறேன் பார் என்று அடுப்படிக்குள் புகுந்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதே பரீட்சைதான்.

கெட்டியாக வர வேண்டும் என்று முதல் தடவை உருளைக்கிழங்கை வஞ்சனை இல்லாமல் போட்டு, மிக்ஸியில் நெடுநேரம் ஓடவிட்டாள். வேகவைத்த கிழங்கு மிக்ஸியில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பசையாகிவிடும். கரண்டியைத் தூக்கினால் சூப் மொத்தமும் கூடவே எழுந்து வந்தது. போஸ்டர் ஒட்டலாம், குடிக்க முடியாது. தப்பு யாருடையது? கிழங்குடையது. "இப்ப வர்ற கெழங்கெல்லாம் கெழங்கா?" என்று குப்பையில் கொட்டினாள்.

அடுத்த தடவை கிழங்கைக் குறைத்துக் காலிஃபிளவரைக் கூட்டினாள். எல்லாம் சரியாக வெந்தது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி ஓடவிட, மூடி பறந்து, சூப்பில் பாதி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை தப்பு மூடியுடையது.

மூன்றாவது தடவைதான் வழிக்கு வந்தது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். வெங்காயமும் பூண்டும் சிவந்துவிடாமல், கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்கினாள். காலிஃபிளவர், ஒரே ஒரு உருளைக்கிழங்கு, முங்குகிற அளவு தண்ணீர். தொட்டால் குழைகிற வரை வேகவிட்டாள். வெந்நீரில் ஊறிய முந்திரியைத் தனியாக மைய அரைத்தாள். காய்கறியை ஆறவிட்டு அரைத்து, வடிகட்டி, முந்திரி விழுதைக் கலந்து, சின்னத் தீயில் ஒரு கொதி விட்டாள். மிளகுத்தூள், உப்பு, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. வாயில் வைத்தவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். க்ரீம் தோற்றது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. துணியில் இழை எண்ணும் பூதக்கண்ணாடியைக் கடைக்கு எடுத்துப்போய், பாக்கெட்டுகளின் பின்னால் எறும்பு மாதிரி இருந்த எழுத்தையெல்லாம் படித்தாள். சூப் கட்டியில் பால் பவுடர் இருந்தது. ரொட்டியில் பால். வெண்ணெய்க்கு மாற்று என்று பெருமையாக அச்சடித்த டப்பாவுக்குள்ளும் பால். "திருட்டுப் பயலுங்க," என்று கடைக்காரர் காது கேட்கவே சொல்லிவிட்டு, பால் கலக்காத ரொட்டி தேடி நாலு தெரு சுற்றினாள். மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தில் பழைய மில்க் ஷேக் வாடை இருந்தது. புது வளையம் வாங்கிப் போட்டாள். பால் கிளறிய மரக் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி கடைசி வார வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தம்பி மனைவி டப்பா கொண்டுவரவில்லை. அதுவே பெரிய விஷயம்.

கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ரொம்ப வெள்ளையா இருக்கேக்கா."

கஷ்டப்பட்டதற்குக் கூலி. தண்ணீராக வைத்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் குடித்திருப்பாள். அக்காவின் நாக்கு நுனி வரை நாலைந்து பதில் வந்துவிட்டது. குட்டியைப் பார்த்தாள், எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஃப்ரிட்ஜத் தொறந்து பாரும்மா. அடுப்படியையும் பாரு."

அவள் உண்மையாகவே எழுந்து போய்ப் பார்த்தாள். தன் வீட்டில், தன் அடுப்படியில், இன்னொருத்தி செக்கிங் செய்வதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எரிந்தது. ஆனால் நின்றாள்.

"மிக்ஸியில முன்னாடி பால் ஏதும் அடிச்சீங்களா?"

"அடிச்சேன். அதுக்குத்தான் ரப்பர் புதுசு போட்டிருக்கேன்."

தம்பி மனைவி மூடியைக் கையில் எடுத்து வளையத்தை விரலால் தடவினாள். "இதைக்கூடவா மாத்துனீங்க? எங்கம்மாவே மாத்தினதில்லக்கா," என்றாள். குரல் இளகியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள், கொஞ்சம் பொறுத்தாள், இன்னொரு வாய் குடித்தாள். கிண்ணம் காலியானதும் மறுபடி கேட்டு வாங்கினாள். பிறகு, யாரும் கேட்காமலே, தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றிக் குட்டிக்கு ஊட்டினாள். குட்டி சப்புக் கொட்டிக்கொண்டு மேலும் கேட்டது.

"அப்ப திங்கக்கிழமைலேர்ந்து காலைல குட்டிய இங்க விட்டுட்டுப் போறேன்க்கா," என்றாள்.

தம்பி பெருமூச்சு விட்டுக்கொண்டு ரொட்டியைக் கையில் எடுத்தான். இந்த இடத்தில் அக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போயிருக்கலாம். போகவில்லை. பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷம் அரை நிமிஷம்கூட அவளுக்குத் தாங்கவில்லை. தேறினது சரி, வாதம் என்ன ஆனது? ஒரு வாரம் கறுப்புக் காப்பி குடித்து, தெருத்தெருவாக ரொட்டி தேடி, கடைசியில் அந்த இல்லாத வியாதியைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி அல்லவா ஆகிவிட்டது?

தொழிற்சாலையில் புதிதாக வரும் செக்கர் பெண்களுக்கு அவள் வைக்கும் ஒரு சோதனை உண்டு. குறையே இல்லாத ஒரு கட்டுச் சட்டையைக் கொடுத்து, இதில் குறை இருக்கிறது, கண்டுபிடி என்பாள். இல்லாத குறையைப் பயந்துபோய்க் கண்டுபிடிக்கிறவள் அன்றைக்கே அவுட். ஆளை எடைபோட இதைவிட நல்ல வழி கிடையாது என்பது அவள் கட்சி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வெண்ணெயே இல்லாத வீட்டிலும் உடைக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் சிரித்துக்கொண்டே. "அதுல ரெண்டு கரண்டி க்ரீம் போட்டிருக்கேன்."

தம்பி மனைவி தன் தொண்டையைப் பற்றி நினைக்கவே இல்லை. முதலில் விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டு, இருந்ததையெல்லாம் வழித்து எடுத்தாள். குட்டி வீறிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் கை தன் கழுத்துக்குப் போனது. சொறியச் சொறியத் தோல் சிவந்து பட்டை பட்டையாக எழும்பியது. மூச்சு குறுகிக் குறுகி வந்தது. தம்பி கைப்பையைத் தரையில் கவிழ்த்து ஊசி மருந்தைத் தேடினான். அவசரத்தில் அது உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது.

"போதும் போதும், நிறுத்துங்க," என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு சொட்டு கூடப் போடல. சும்மா சொன்னேன். பாத்தியாடா, போடாத க்ரீமுக்கே கழுத்து தடிச்சிடுச்சு. நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க? எல்லாம் மனசு."

தம்பி தரையில் மண்டியிட்டபடியே, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தம்பி மனைவி கண்ணை மூடி, மூச்சு சீராகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு குட்டியைத் தூக்கிப்போய்க் குழாயடியில் அதன் வாயைக் கழுவினாள். பால் இல்லை என்று சொன்ன பிறகும், ஒரு முறைக்கு மூன்று முறை கழுவினாள்.

அவர்கள் பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தபோதுதான் அக்காவுக்குச் சிரிப்பு நின்றது.

"இப்ப என்ன ஆயிடுச்சு? வெளையாட்டுக்குச் சொன்னேன். சூப்புல ஏதாவது கொறை இருந்தா சொல்லுடா பாப்போம்."

"சூப்புல ஒரு கொறையும் இல்லக்கா," என்றான் தம்பி.

"அப்புறம் என்ன? திங்கக்கிழமை குட்டிய எப்ப கொண்டு வருவீங்க?"

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். தம்பி மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

"அந்தக் காப்பகத்து அம்மாகிட்ட குட்டிக்குப் பால் ஆகாதுன்னு சொன்னேன்க்கா," என்றாள். "சரிம்மான்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

அம்மாவின் தோளில் கிடந்த குட்டி, அத்தையிடம் வர வேண்டும் என்று கையை நீட்டியது. அக்காவும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அதற்குள் அவர்கள் படி இறங்கிவிட்டார்கள்.