தண்ணீர் மணி

என் கணவர் ஸ்டெபின் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் ஓட்டுகிறவர். ஓட்டுநர் அறையில் கழிப்பறை கிடையாது. அதனால் டியூட்டிக்குப் போகிறவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை வேறு! அந்தப் பெருமைதான் இவர் சிறுநீரகத்தில் பட்டாணி அளவு கல்லாக உட்கார்ந்தது. பாதி வழியில் வலி வந்து சுருண்டு விழுந்தால் ரயிலில் இருப்பவர்கள் கதி என்ன ஆவது? கல் போகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று மேஜை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் வீட்டில் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

மேடவாக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. விலாவில் ஜெல்லைத் தடவி, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது போல ஒரு கருவியை வைத்து, அல்ட்ராசவுண்ட் அலையாலேயே கல்லைத் தூளாக்கினார்கள். இவர் டாக்டரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டு கிடந்தார். பயமெல்லாம் எனக்குத்தான். உடைத்தது நாங்கள், வெளியே தள்ள வேண்டியது நீங்கள் குடிக்கிற தண்ணீர் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேனில் தூள் மிச்சமிருந்தால் ஆபரேஷன்தானாம்.

குடித்தால்தானே! ஆபீசுக்குக் கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ்ல பாத்ரூம் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"பாட்டிலை எடுத்தாலே, வண்டி எடுக்கணுமேன்னு கை நின்னுடுது, ஜெரூ."

அழுகை வந்தது. ஆனால் நான் டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிப்போம். அதே மாதிரி ஒரு கைமணி வாங்கினேன். வீட்டில் மணி அடித்தால் டம்ளர் காலியாக வேண்டும். ஆபீசில் இருந்தால் போனில் அடித்தேன். முதலில் கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். பிறகு அவர்களும் சேர்ந்து குடிக்க ஆரம்பித்தார்களாம்.

ஸ்கேனில் ஒரு துகள்கூட இல்லை. ரயில்வே டாக்டரும் தகுதிச் சான்று கொடுத்துவிட்டார். கடற்கரையில் இறங்கினால் கழிப்பறை இருக்கிறது, அதுவரை தாங்கும், குடித்துவிட்டு ஏறுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

சொன்னதோடு விடுகிறவளா நான்? தாம்பரம் பிளாட்பாரத்துக்கே போய், அவர் ஜன்னலுக்கு நேராக நின்று மணியை ஆட்டினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஸ்டெபின் பாட்டிலைச் சாய்த்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ஹாரனை நீளமாக அடித்தார். வண்டி நகர்ந்தது.

யாருக்கம்மா இந்த மணி என்று பக்கத்தில் நின்ற பூக்காரம்மா கேட்டார்.

"அதோ, வண்டி ஓட்டிட்டுப் போறாரே, அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.