முட்டைக்கோஸ் இறக்கிய விருந்தாளி

தெமூலென் மங்கோலியாவின் உலான்பாத்தரிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தது ரோதியோனைப் பார்க்க. இர்கூத்ஸ்க் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். படிப்பு முடிந்த கையோடு ரோதியோனைக் கட்டாய ராணுவ சேவைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரஷ்ய நகரமான உலான் உதேக்கு வெளியே முகாம். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள், ஆனால் சந்திப்பு வாசலோடு சரி.

வாசல் காவலனிடம் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுவதற்குள் முட்டைக்கோஸ் லாரி ஒன்று வந்து சேற்றில் புதைந்தது. அதிலிருந்து கிடங்கு அதிகாரி பங்கிராத்தவ் குதித்தார்.

"ஏய் புர்யாத்! என்னடா வேடிக்கை? வந்து தள்ளு!"

அந்தப் பக்கத்துப் புர்யாத் இனச் சிப்பாய்களுக்கும் ஒரு மங்கோலியனுக்கும் வித்தியாசம் பார்க்கிற பொறுமை அவருக்கு இல்லை. தெமூலென் சந்தையில் வாங்கிய காக்கி மேலங்கி வேறு போட்டிருந்தான். சரி, ஒரு கை கொடுப்போம் என்று தள்ளினான். லாரி நகர்ந்தது. தள்ளிக்கொண்டே அவனும் உள்ளே போய்விட்டான். வாசல் மூடிக்கொண்டது.

"சார், நான் வெளிநாட்டுக்காரன்."

"முட்டைக்கோஸைப் பார்த்தா எல்லாரும் வெளிநாட்டுக்காரன்தான். இறக்கு!"

இறக்கினான். நண்பனுக்கென்று அவன் கொண்டுவந்த உலர்ந்த தயிர்க்கட்டிப் பையைப் பங்கிராத்தவ் பிடுங்கிக்கொண்டார். "வெளித் தீனி தடை" என்று சொல்லிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். கல் மாதிரி இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

மூட்டையோடு சமையலறைக்குள் நுழைந்தால், அங்கே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான் ரோதியோன். கத்தி கையிலிருந்து விழுந்தது.

"டேய் தெமூ! உன்னையும் பிடிச்சுட்டாங்களா?"

விஷயம் தெரிந்ததும் சிரித்தான். பிறகு முகம் வெளுத்தது. இருவரும் முகாம் தலைவர் மேஜர் ஜவ்யாலவ் முன்னால் போய் நின்றார்கள். மேஜர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"ராணுவ முகாமுக்குள்ள வெளிநாட்டான்! என்னடா பார்த்தே?"

"முட்டைக்கோஸ், சார்."

"எவ்வளவு?"

"லாரி நிறைய. பாதி அழுகல்."

"அதுதான்டா ரகசியம்!" மேஜர் மேஜையைக் குத்தினார். மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் பதவி போகும். தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் சொன்னார்: "நீ உள்ள வரவே இல்லை. வராதவனை வாசல் வழியா எப்படி அனுப்ப முடியும்? குளியல் கொட்டகைக்குப் பின்னால வேலியில ரெண்டு பலகை ஆடும். ரோதியோன், கூட்டிட்டுப் போ."

"எந்தப் பலகை, தோழர் மேஜர்?"

"நீ சிகரெட் வாங்கப் போற பலகைடா. வெளியில விட்டுட்டு அவனை பஸ் ஏத்திட்டு வா. பங்கிராத்தவுக்குத் தெரியக்கூடாது."

இப்படியாகத்தான் நண்பர்களுக்கு உருப்படியாகப் பேச நேரம் கிடைத்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் சூடான இறைச்சிக் கொழுக்கட்டை தின்றார்கள். ரோதியோன் தின்ற வேகத்தைப் பார்த்துத் தெமூலென் தன் தட்டையும் அவன் பக்கம் தள்ளினான்.

"உள்ள சோறு எப்படிடா?"

"இன்னிக்கு நீ இறக்கினியே, அதுதான். அடுத்த மாசம் வரைக்கும்."

பேருந்து வர இன்னும் நேரம் இருந்ததால் வேலிவரைக்கும் கூடவே போனான் தெமூலென். ரோதியோன் பலகையை விலக்கி உடம்பை நுழைத்தான். மறுபக்கம் பங்கிராத்தவ் நின்றார்.

"அனுமதியில்லாம வெளியே போனியா? அங்க யாரு? அந்தப் புர்யாத்தா? டேய், உள்ள வாடா!"

தெமூலென் எடுத்தான் ஓட்டம். பேருந்தில் ஏறிய பிறகும் அவனுக்கு மூச்சு அடங்கவில்லை.

நடந்ததை அடுத்த வாரம் ரோதியோன் தொலைபேசியில் சொன்னான். ஒரு சிப்பாய் ஓடிவிட்டான் என்று பங்கிராத்தவ் கூச்சல் போட, மொத்த முகாமையும் மழையில் நிறுத்தித் தலை எண்ணினார்களாம். ஒரு தலையும் குறையவில்லை. மறுபடி எண்ணினார்களாம். அப்போதும் குறையவில்லை. ஓடியது யார் என்று தெரிந்த ஒரே அதிகாரி மேஜர். அவர் குடைக்குள் நின்று, "கண்டுபிடிக்காம விடக்கூடாது" என்று அதட்டிக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் யாரைத்தான் பிடிச்சாங்க?" என்று கேட்டான் தெமூலென்.

"என்னை. ஓடினவனோட பேரைச் சொல்ல மாட்டேங்கிறேனாம். இப்ப கக்கூஸ் கழுவறேன்."