மயிர்தின்னி

ஏ டி ஜி, சி சி ஏ, ஜி ஜி டி என்று வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ மந்திரம் என்று நினைத்து என்மேல் படாமல் காலை நகர்த்தி வைத்துக்கொள்கிறார், எந்தக் கோயிலுக்குச் சாமி என்கிறார், திண்டுக்கல்லில் ஒரு சாக்கடைக்கு என்கிறேன், அவர் சிரிக்கவில்லை, என் பொய்களுக்குச் சிரிக்காதவர்கள் கிடையாது, உண்மையைச் சொன்னால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவரும் திருப்பிக்கொண்டு தூங்கப் பார்க்கிறார், பஸ் குலுங்குகிறது, கண்ணை மூடினால் அந்தச் சாக்கடை இன்னும் தோல் பதனிடும் ஷாப்பின் பின்புறம் ஓடிக்கொண்டிருக்கிறது, கறுப்பாக, நுரையோடு, அதன் கரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைத்தூன் குந்தியிருக்கிறாள், கையில் சிறிய கண்ணாடிக் குப்பி, மூக்கைப் பொத்தாதீங்க புளுகு சார், எங்க அத்தா இந்த வாடையிலதான் எனக்குச் சோறு போட்டாரு என்கிறாள், என் பொய்களுக்காக அவள் வைத்த பெயர் புளுகு சார்.

சென்னையில் ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள், அவளுடைய அத்தா அந்த ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி ஆட்டுத்தோலைப் புரட்டியவர், முடி கழல வேண்டும் என்று சுண்ணாம்போடு சல்ஃபைடையும் கலந்திருப்பார்கள், ஆட்டின் முடியோடு அவர் கால் தோலும் கழன்றது, அத்தா இறந்தப்போ மையத்தைக் குளிப்பாட்டும்போது அந்தக் காலைத் தொட யாருக்கும் மனசு வரலே, நான்தான் மறைப்புக்கு வெளியே நின்னு பஞ்சு கொடுத்தேன் என்று ஒரு மத்தியானம் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள், பிறகு மூன்று நாள் பேசவில்லை, பேசியபோது அந்தக் குப்பிச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்திருந்தாள், சல்ஃபைடு இல்லாமலே முடியின் வேரைத் தின்று தோலை வழவழவென்று விட்டுவிடும் ஜந்து, மயிர்தின்னி என்று பெயர் வைத்தாள், இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு லத்தீனில் வேறு பெயர் வைத்தார், அந்தப் பெயரை அவரே மறந்துபோனார்.

அதன் மரபணுக்களில் எது முடியைத் தின்னும் சாற்றைச் சுரக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், சாற்றை எங்கு வேண்டுமானாலும் பீப்பாய் பீப்பாயாகக் காய்ச்சலாம், எவனும் குழிக்குள் இறங்க வேண்டாம், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஆனால் நாற்பது லட்சம் எழுத்து, மொத்தமும் ஏ டி ஜி சி என்ற நாலே எழுத்தில் வட்டமாகக் கோத்திருக்கிறது, எங்களிடம் இருந்த கருவியில் தனியாகப் படித்தால் பேரன் காலம் வரை ஆகும், ஆகவே பிரான்ஸ், ஜப்பான், கொரியா, நாங்கள் என்று நாலு பேர் சேர்ந்து வட்டத்தை வடை போலப் பிய்த்துப் பங்கிட்டுக்கொண்டோம், ஜப்பான்காரர்கள் குப்பியைத் திறக்குமுன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்கள், இதுவும் பதிலுக்குக் குனிந்ததை உருப்பெருக்கியில் நானே பார்த்தேன், பிரான்சில் இதை மதுக்கிடங்கின் பக்கத்து அறையில் வைத்ததால் திரும்பி வந்தபோது பகல் பத்து மணிக்குமேல்தான் கண் விழித்தது, இதையெல்லாம் நான் சொல்லும்போது சைத்தூன் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொள்வாள், இருமலும் அப்போதே இருந்தது, சிரிப்பினால் என்றுதான் நினைத்தேன், நினைக்கிறேன், இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றாகக் கவனித்துக்கொண்டோம் அதை, அதுதான் வினையாகப் போனது, சர்க்கரைக் கரைசல், இதமான சூடு, மாதாமாதம் புதுக் குப்பி, சைத்தூன் மூடியைத் தட்டிச் சாப்பிட்டியாடா என்று கேட்பாள், நாலு நாட்டிலும் எழுத்தை எண்ணினார்கள், ஒருவரும் அதற்கு ஒரு துண்டு ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்க்கவில்லை, ஆய்வகம் நாறிப்போகுமே, வட்டம் பூர்த்தியாகிவிட்டது, வாழ்த்துகள் என்று பிரான்சிலிருந்து கடிதம் வந்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நுரையீரலில் மூன்றாவது முறையாக ஊசி குத்தித் தண்ணீர் எடுத்திருந்தார்கள், கடிதத்தின் கீழ்ப்பாதியில் வருத்தம் இருந்தது, நீங்கள் தேடிய மரபணு இதில் இல்லை, சோறு தானாக வந்த வாழ்க்கையில் எப்போதோ அதை உதிர்த்துவிட்டிருக்கிறது, நாங்கள் ஊருக்கெல்லாம் அனுப்பியது அதற்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளை, பழைய குப்பி எதுவும் பிழைத்திருக்கவில்லை, திண்டுக்கல்லுக்குப் போனில் கேட்டால் ஷாப் இடிந்து அந்த இடத்தில் கல்யாண மண்டபம், சாக்கடைக்குமேல் சமையல்கட்டு.

என்ன, வந்துருச்சா என்று கேட்கிறாள், கண் மூடியிருக்கிறது, மூக்கில் குழாய், வந்துருச்சும்மா என்கிறேன், அந்தச் சீனு இருக்குல்ல என்கிறாள், சீன் என்றால் எங்கள் பாஷையில் மரபணு, இருக்கு, சிங்கம் மாதிரி இருக்கு, படிங்க, கேக்கணும், சட்டைப்பையில் விரலை விடுகிறேன், பஸ் ஸ்டாண்டில் யாரோ திணித்த மூல வைத்திய நோட்டீஸ் வருகிறது, அதை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏ டி ஜி என்று ஆரம்பிக்கிறேன், எல்லாச் சீனும் அப்படித்தான் ஆரம்பிக்கும், அதற்குப்பின் வாய்க்கு வந்தது, சி சி ஏ, ஜி ஜி டி, ஏ ஏ சி, அவள் விரல் போர்வைமேல் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே வருகிறது, ஒரு பக்கம் போயிருப்பேன், டி ஏ ஏ என்றேன், விரல் நின்றுவிட்டது.

அங்கனயே நின்னுபோச்சே புளுகு சார் என்றாள்.

எழுத்தை மூன்று மூன்றாகப் படிக்க வேண்டும், டி ஏ ஏ என்று மூன்று வந்தால் இதோடு முடிந்தது என்று அர்த்தம், பாதியில் அது வந்தால் சாறும் பாதியில் செத்துப்போகும், முதல் வருடப் பையனுக்குத் தெரியும், பொய்யில் ஊறிய கிழவனுக்கு மறந்துவிட்டது, அவள் கண்ணைத் திறந்து நோட்டீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இல்லையா என்றாள், நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது, அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று குனிந்தேன், சிரிக்கிறாள், மூணு வேளையும் சர்க்கரைத் தண்ணி ஊத்துனா எவன் மயிரைத் திம்பான், அத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டு பேரையும் குழிக்குள்ள எறக்கிவிட்டுருப்பாரு, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், அந்த டீயைச் சீயாக்குங்க, சி ஏ ஏ, இப்ப ஓடும், மேல சொல்லுங்க, சைத்தூன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறேன், தெரியும் சார், நிப்பாட்டாமச் சொல்லுங்க.

சொன்னேன், நர்ஸ் வந்து விளக்கைப் போட்டாள், பிறகு அணைத்தாள், சைத்தூன் விரல் கொஞ்ச தூரம் தட்டிக்கொண்டு வந்தது, பிறகு என் மணிக்கட்டில் சும்மா கிடந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரை போனபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து சொன்னேன், வெள்ளிக்கிழமை அவளைக் குளிப்பாட்டிய மறைப்புக்கு வெளியே ஆண்களோடு நின்றும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், உலகத்திலேயே நீளமான சீன் அது, ஏழு வருடமாக முடியவில்லை, இது புளுகல்ல, மணப்பாறையில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, வரேன் சாமி, நல்லாச் சொன்னீங்க என்று என்னைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார், பஸ் நகர்கிறது, காலியான இடத்தில் வெயில் வந்து உட்காருகிறது, நான் காலை நகர்த்தி அதற்கு இடம் விடுகிறேன், நாக்கு நுனியில் டி ஏ ஏ வந்து நிற்கிறது, யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது, டீயைச் சீயாக்குகிறேன், சி ஏ ஏ, ஜி ஜி டி, ஏ சி