பெயர் பிரித்த துணி

1

இந்தக் கதை என் வாயால் வந்த வினை. முப்பது வருடமாக மர்மநாவல் எழுதி, கொலைகாரனைக் கடைசி அத்தியாயம்வரை ஒளித்தே பழக்கப்பட்டவன், இந்த ஒருதடவை முதல் வரியிலேயே காட்டிக்கொடுக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கருங்கல் சந்தையில் மழை கொட்டிய அந்த மாலை, லீமாவின் தையல்கடைக் கதவை ஒரு மர்மக் கரம்...’

(வேண்டாம். மழையும் இல்லை, மர்மமும் இல்லை. சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போனவன் நான்.)

தன் மகள் லிஜாவின் கல்யாணத்துக்குக் கண்ணாடிச் சட்டம்போட்டுக் கொடுக்கலாமென்று, அம்மாவின் பெட்டியிலிருந்த ஒரு துணியை லீமா விரித்தாள். சிவப்பு நூலில் ஆங்கில எழுத்துகள், எண்கள், ஒரு பூச்சட்டி. அந்தக் காலத்துச் சிறுமிகள் தையல் பழகத் தைப்பது. கீழே: எமிலி கார்ட்னர், வயது 10, 1906.

“எங்க வீட்டுல வெள்ளைக்காரி ஆரும் இல்லியே, அண்ணே?”

திருப்பம் வைக்காமல் எனக்கு இருக்க முடியாது. “உங்க ஆளு ஒருத்தி மிஷன் பங்களாவுல வேலைக்கு நின்னிருப்பா. தொரை மகளுக்க துணி. அடிச்சிட்டு வந்திருப்பா.”

நான் சிரித்தேன். லீமா சிரிக்கவில்லை.

3

களவுத்துணியைக் கல்யாணத்துக்கு எப்படிக் கொடுப்பது? பெயரை மட்டும் ஊசிமுனையால் பிரித்தெடுத்தாள்.

மறுவாரம் கல்யாணக் காகிதத்துக்காகச் சபைக்குப் போனவள் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அம்மாவின் தாத்தா ஜஸ்டஸின் கல்யாணப் பதிவு. மணமகள்: எமிலி கார்ட்னர், போர்டிங் பிள்ளை.*

வீட்டில் எல்லாருக்கும் அவள் ‘டீச்சரம்மை’. பெயரை யாரும் கேட்டதில்லை. ஞானஸ்நானப் பதிவில் ‘முந்தைய பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

“அம்மைக்க பாட்டியக் கள்ளியாக்கிப்போட்டியளே, அண்ணே. பிரிச்ச நூலையும் அன்னைக்கே தூத்துக் குப்பையில களஞ்சேன்.”

* போர்டிங் பிள்ளை: மிஷன் விடுதியில் தங்கிப் படித்த நம்மூர்ச் சிறுமி. சீமையிலிருந்து பணம் அனுப்பும் சீமாட்டியின் பெயரையே பிள்ளைக்கு இடுவது அந்தப் பள்ளிக்கூடங்களின் வழக்கம். நான் விசாரித்திருக்கலாம்.

4

முடிவு அ: அதே துளைகளில், அதே சிவப்பு நூலில், லீமா மறுபடியும்...

(தைத்துப் பார்த்தாள். “மூணு எழுத்து தச்சேன். ரெம்ப நேரா வருது. பத்து வயசுக் கை இல்லியே இது.” பிரித்துவிட்டாள்.)

முடிவு ஆ: தொலைந்த அந்தப் பழைய பெயரை நானே புனைந்து...

“வேண்டாம், அண்ணே. நீங்க இட்ட கதை ஒண்ணு போதும்.”

திங்கட்கிழமை கல்யாணம். சட்டம் வந்துவிட்டது. பூச்சட்டிக்குக் கீழே வெறும் ஊசித்துளைகள். லிஜா கையில் லீமா அதைக் கொடுப்பாளா, பெட்டியிலேயே திரும்ப வைப்பாளா?

நீங்களே ஒன்றை ஊகித்துக்கொள்ளுங்கள். லீமா காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.